இரவல் வாங்கின புத்தகம்



இந்த மாதம் ஒரு பீரோவைப் பற்றி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. நம்முடைய ஆராதனைக் கூடத்தின் பின்பக்கம், செருப்பு விடுகிற வாசல் ஓரமாய் நிற்கிறதே, அந்தச் சாம்பல் நிற இரும்பு பீரோ. ஒரு கதவு சரியாய்ச் சாத்தாது. படித்து முடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து அதில் வையுங்கள், வேண்டியவர்கள் எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப வைக்கட்டும் என்று நாலு வருஷத்துக்கு முன் சொன்னோம். நீங்களும் மனமுவந்து கொண்டுவந்தீர்கள். வியாக்கியானங்கள், மிஷனெரி சரித்திரங்கள், ஜெபத்தைப் பற்றின சிறு புத்தகங்கள், பிள்ளைகளின் படக்கதைகள். யாரோ ஒரு தம்பி குரூப் 4 பரீட்சை கைடு மூன்றையும் வைத்துவிட்டுப் போனார். உள்ளதைச் சொன்னால், அதிகமாய்க் கை மாறினது அந்த மூன்றும்தான்.

போன வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தோம். 186 இருக்க வேண்டிய இடத்தில் 121 இருந்தது. 65 புத்தகம் எங்கே? ஒருவருக்கும் தெரியவில்லை.

கமிட்டி கூடியது. நம் சபையில் ஒரு மூத்த சகோதரர் இருக்கிறார். பூட்டுப் பட்டறையில் முப்பது வருஷம் அரம் பிடித்த கை அவருடையது. அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு மாங்காய்ப் பூட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஐயா, ஊரு ஒலகமெல்லாம் நம்ம ஊரு பூட்டத்தான் தேடி வாங்குச்சு. நாம போயி பொஸ்தகத்தத் தொலைக்கலாமா?" என்றார். அவர் சொன்னதில் ஒரு வருத்தமும் இருந்தது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தக் கௌரவம் வந்து சேர்வதற்குள் அலிகார் பூட்டின் போட்டியில் எத்தனையோ பட்டறைகள் மூடிப்போயிருந்தன. அவர் பட்டறையும் அதில் ஒன்று.

வேடசந்தூர் பக்கம் மில்லுக்குப் போகிற ஒரு சகோதரி மட்டும் எழுந்து, "பூட்டுப் போட்டா சாவி வச்சிருக்கவங்ககிட்டப் போயிக் கேக்கணும் பாஸ்டர். எனக்கு வெக்கமா இருக்கும். அப்புறம் நான் எடுக்கவே மாட்டேன்" என்றார்கள். இன்னொருவர், "எடுத்தவங்க கொண்டாந்து வச்சிருந்தா இந்தப் பேச்சே இல்லியே" என்றார். அந்தச் சகோதரியின் முகம் சிறுத்துப்போனது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் யோசிக்காமல், "அன்பு இருக்கிற இடத்தில் பூட்டு எதற்கு?" என்றேன். இரண்டு மூன்று பேர் ஆமென் என்றார்கள். கூட்டம் கலைந்தது. பிரசங்கம் பண்ணிப் பழகின வாய்க்கு இது ஒரு கெட்ட பழக்கம். கேட்கிறதற்கு நன்றாய் இருக்கிற ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டால் பிரச்சனையே தீர்ந்துபோன மாதிரி நினைத்துக்கொள்ளும்.

அந்த வாரமே எங்கள் வீட்டில் வெள்ளையடிக்க ஆள் வந்தது. அலமாரியிலிருந்த என் புத்தகங்களை எல்லாம் இறக்கிக் கட்டிலில் அடுக்கினோம். தூசி தட்டும்போது முதல் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி என் மனைவி தனியாய் எதையோ ஒதுக்கிக்கொண்டே வந்தாள். கடைசியில் பார்த்தால் ஒன்பது புத்தகம். ஒன்பதிலும் வேறு வேறு ஆட்களின் பெயர். "ஏங்க, சபையில அறுபத்தஞ்சத் தேடுறதுக்கு முன்னாடி இத என்னன்னு பாருங்க" என்றாள்.

அந்த ஒன்பதில் பெரியது ஒரு கன்கார்டன்ஸ். வேதத்தில் எந்த வார்த்தை எங்கெங்கே வருகிறது என்று தேடி எடுக்க உதவுகிற தடித்த புத்தகம். நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில், 2003-ல், எனக்கு மேல் வகுப்பிலிருந்த ஒரு அண்ணனிடம் வாங்கினது. கான்வென்ஷன் மைதானத்தில் காப்பிக் கடை போட்டுச் சேர்த்த பணத்தில் அதை வாங்கினதாய் அவர் சொல்லியிருக்கிறார். "பரீட்சை முடிஞ்சதும் குடுத்துரு தம்பி" என்று கொடுத்தார். பரீட்சை முடிந்தது. அவர் ஊழியத்துக்குப் போய்விட்டார். பிறகு இரண்டு மூன்று தடவை கூட்டங்களில் சந்தித்தபோது, "அண்ணா, உங்க புஸ்தகம் இன்னும் என்கிட்டதான் இருக்கு" என்று நானே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்ல தம்பி, ஒனக்குப் பிரயோஜனப்பட்டாப் போதும்" என்றார். அந்தப் 'பரவாயில்ல'வை நான் கிரயப் பத்திரம் மாதிரி வைத்துக்கொண்டேன். 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் அவர் மரித்துப்போனார்.

பிரியமானவர்களே, அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தப் புத்தகம் யாருடையது?

நம்முடைய பாஷையில் கடன் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, இரவல் என்று இன்னொன்றும் இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால், அதே சர்க்கரையை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. வேறு சர்க்கரை கொடுத்தால் போதும். அது கடன். ஆனால் கல்யாணத்துக்குப் போட்டுப்போக ஒரு சங்கிலி வாங்கினால் அதே சங்கிலிதான் திரும்பி வரவேண்டும். அது இரவல். இரவல் நகையை மறுநாள் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம். இல்லாவிட்டால் தூக்கம் வராது. அதே நாம் இரவல் புத்தகத்தை இருபது வருஷம் வைத்துக்கொண்டு நிம்மதியாய்த் தூங்குகிறோம். ஏன்?

விலை குறைவு என்பதினால் என்று முதலில் நினைத்தேன். அது பாதிதான் சரி. புத்தகத்தைப் படிக்கப் படிக்க அது நமக்குள்ளே வந்துவிடுகிறது. கோடு போடுகிறோம், ஓரத்தில் எழுதுகிறோம், அதிலிருந்து பிரசங்கம் எடுக்கிறோம். உள்ளே இருக்கிறது என்னுடையதாகிவிட்டதால் அட்டையும் காகிதமும் என்னுடையதுதான் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. நகை அப்படி நமக்குள் வருவதில்லை. அதனால்தான் நல்ல புத்தகங்களே அதிகமாய்த் திரும்பாமல் போகின்றன. நம் பீரோவில் யாருக்கும் பிடிக்காத புத்தகம் ஒன்றுகூடத் தொலையவில்லை, போய்ப் பாருங்கள்.

எலிசாவின் நாட்களில் நடந்த சம்பவம் உங்களுக்குத் தெரியும், 2 இராஜாக்கள் 6-ம் அதிகாரம். யோர்தான் ஓரத்தில் மரம் வெட்டுகையில் ஒருவனுடைய கோடரியின் இரும்பு தண்ணீரில் விழுந்துவிடுகிறது. இரும்பு மிதந்த அற்புதத்தைத்தான் நாம் எப்போதும் பிரசங்கிக்கிறோம். எனக்கு இப்போது பெரிதாய்த் தெரிவது அந்த மனுஷன் போட்ட சத்தம். கோடரி போனதைவிட, அது இன்னொருவரிடம் இரவல் வாங்கினது என்பதுதான் அவனைப் பதறவைத்தது. பொருளுக்குச் சொந்தக்காரர் அந்த இடத்தில் இல்லை, கேட்கவும் இல்லை. இவன் பதறுகிறான். மோசேயின் பிரமாணமும் இதைக் கவனித்திருக்கிறது. யாத்திராகமம் 22-ல், இரவல் வாங்கின மிருகம் உடையவன் கூட இல்லாதபோது சேதப்பட்டால் வாங்கினவன் ஈடு செய்யவேண்டும், உடையவன் கூட இருந்திருந்தால் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுகிறது. உடையவன் பார்க்காத இடத்தில்தான் பொறுப்பு கூடுகிறது, குறைவதில்லை. நானோ தலைகீழாய் நடந்திருக்கிறேன். அண்ணன் தூரத்து ஊரில் இருக்கிறார், கேட்கமாட்டார் என்பதே எனக்குத் தைரியம்.

என் மனசுக்குள் ஒரு வக்கீலும் இருக்கிறான். அவன் சும்மா இருக்கவில்லை. "புத்தகம் படிப்பதற்குத்தானே? நீ படித்தாய். அவரிடம் இருந்திருந்தால் தூசி படிந்திருக்கலாம். உன்னிடம் அது கனி கொடுத்தது" என்றான். இந்த வாதத்தை லேசாய்த் தள்ள முடியாது. ஏனென்றால் இதைப் போன்ற ஒன்றை ஒரு பெரிய மனுஷரே சொல்லியிருக்கிறார்.

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்களைச் சொல்லுகிறேன். கணக்கு வாத்தியாராய் இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனவர். நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-ல் புத்தகமாய் வெளியிட்டார். இன்றைக்கும் உலகமெங்கும் நூலகப் படிப்பில் அவை பாடமாய் இருக்கின்றன. புத்தகம் இருப்பது உபயோகிப்பதற்கே என்பதுதான் முதல் விதியின் சாரம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிபோர்டு பேராலயத்தில் அந்தச் சங்கிலிகளை இப்போதும் பார்க்கலாம். ரங்கநாதன் அந்த மனப்பான்மைக்கு எதிராய்ப் பேசினார். வாசகர்கள் தாங்களே அலமாரிக்குப் போய்க் கையால் எடுத்துப் பார்க்கும்படி தன் நூலகத்தைத் திறந்துவிட்டார். நம் மில் சகோதரி கமிட்டியில் சொன்னதையே அவர் ஒரு சாஸ்திரமாய்ச் செய்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் என் வக்கீல் முதல் விதியோடு நிறுத்திக்கொண்டான். அடுத்த இரண்டு விதிகள் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்கவேண்டும் என்றும், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் கிடைக்கவேண்டும் என்றும் சொல்லுகின்றன. அப்படியானால் நான் படித்து முடித்த பிற்பாடு அந்தப் புத்தகம் என்ன ஆகவேண்டும்? என் வீட்டில் இருந்த இருபது வருஷத்தில் நான் அதைத் தொட்டது முதல் ஐந்து வருஷம். பிறகு செல்போனிலேயே வசனம் தேடுகிறேன். பீரோவுக்குப் பூட்டு எதற்கு என்று கேட்ட நான், ஒன்பது புத்தகத்தை என் வீட்டில் பூட்டி வைத்திருந்தேன். சங்கிலிதான் வெளியே தெரியவில்லை.

அதே 1931-ல், அக்டோபர் மாதம், மன்னார்குடியில் ஒரு காரியம் நடந்தது. கனகசபைப் பிள்ளை என்கிற பெரியவர் ஒரு மாட்டு வண்டியில் அலமாரி பொருத்தி, புத்தகங்களை நிரப்பி, சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். ரங்கநாதன்தான் அதைத் தொடங்கி வைத்தார். கட்டணம் கிடையாது. வண்டி ஒரு ஊருக்கு வரும், புத்தகம் கொடுக்கும், போய்விடும். மறுபடி வரும்போது வாங்கிக்கொண்டு வேறு புத்தகம் கொடுக்கும். அன்றைக்கு அந்தக் கிராமங்களில் எழுத்துத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஒருவர் படிக்க, திண்ணையில் பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். நான் யோசிப்பது என்னவென்றால், அந்த வண்டி திரும்பி வரும் நாளில் புத்தகம் வீட்டில் இருந்தால்தானே அடுத்த ஊருக்குப் போகமுடியும்? ஒரு ஊரில் ஒருவர் "பரவாயில்லை" என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஊரில் யாரோ ஒருவருக்கு அந்த வாரம் புத்தகம் இல்லை. அவர் யார் என்று வைத்துக்கொண்டவருக்குத் தெரியவே தெரியாது. புத்தகத்தை வைத்துக்கொள்ளுகிறவன் கொடுத்தவரை மாத்திரம் ஏமாற்றுவதில்லை. பின்னால் வரிசையில் நிற்கிற, முகம் தெரியாத ஒருவரையும் ஏமாற்றுகிறான். கொடுத்தவர் மன்னிக்கலாம். அந்த முகம் தெரியாதவரிடம் நாம் மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லை.

சரி, இரவல் கொடுப்பதால் இத்தனை தொல்லை இருக்கிறதே, கொடுக்காமலேயே இருந்துவிடலாமா? சிலர் அப்படி முடிவு செய்திருக்கிறார்கள். புத்தகமும் மனைவியும் வெளியே போனால் திரும்பாது என்று ஒரு அசிங்கமான பேச்சுகூட ஊரில் உண்டு. அதை நம் வாயில் எடுக்கவேண்டாம். உ.வே. சாமிநாதையர் அவர்களின் காரியத்தைப் பாருங்கள். 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாய் வந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியின் பிரதி ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அந்த ஒரு பிரதியிலிருந்து ஆரம்பித்தது. பிழை இல்லாமல் பதிப்பிக்க ஒரு பிரதி போதாது. ஊர் ஊராய்ப் போய், மடங்களிலும் வீடுகளிலும் ஏடு கேட்டார். கொடுத்தவர்கள் இருந்தார்கள், கொடுக்காதவர்களும் இருந்தார்கள். ஏழு வருஷத்துக்குப் பிறகு, 1887-ல், சிந்தாமணி அச்சில் வந்தது. யார் யாரிடம் ஏடு கிடைத்தது என்று முகவுரைகளில் பேர் பேராய் எழுதுவது அவர் வழக்கம். இரவல் வாங்குகிறவன் செய்யவேண்டிய ஒன்றை அவரிடத்தில் நான் கற்றுக்கொண்டேன். யாருக்கும் கொடுக்காமல் பரணில் பத்திரப்படுத்தின ஏடுகளின் கதி என்ன? கறையான் அரித்தது. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளைப் பற்றியும் அவர் வேதனையோடு எழுதியிருக்கிறார்.

நம் ஆதிச் சபைகளும் இப்படித்தான் வாழ்ந்தன. கொலோசெ சபைக்கு வந்த நிருபத்தை லவோதிக்கேயாவுக்கு அனுப்பவும், அங்கே உள்ளதை வாங்கி வாசிக்கவும் பவுல் கடைசியில் எழுதுகிறார். அச்சு இல்லாத காலம். கை மாறாவிட்டால் வாசிப்பே இல்லை. அதே பவுல் முதிர்ந்த வயதில் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும், முக்கியமாய்த் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்லுகிறார். தோல் ஷாப்புகள் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு, ஒரு தோலைப் பதப்படுத்தி எடுக்க எவ்வளவு பாடு என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்தக் கார்ப்பைப் பற்றி வேதத்தில் வேறு ஒரு வரியும் கிடையாது. இன்னொருவருடைய புத்தகத்தை வைத்திருந்தவர் என்ற ஒன்றே அவருடைய சரித்திரம். என்னைப் பற்றி யாராவது அப்படி ஒரு வரி எழுதினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

இதற்குள் அந்த 65 புத்தகத்தைப் பற்றி ஒரு விஷயம் வெளியே வந்தது. அதில் 12 புத்தகம் திருடு போகவே இல்லை. பீரோவுக்குக் கொடுத்த ஒரு பெரியவரே, பேரன் கேட்கிறான் என்று ஒரு சனிக்கிழமை வந்து எடுத்துப் போயிருக்கிறார். "என் பொஸ்தகத்த நான் எடுத்தா யாருகிட்ட சொல்லணும்?" என்றார். அவர் சொல்லுவதிலும் நியாயம் இருக்கிறது. தப்பு எங்களுடையது. நீங்கள் இதைச் சபைக்குக் கொடுத்துவிட்டீர்களா, அல்லது படிக்கத்தான் வைத்தீர்களா என்று நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. ஆளில்லாத 65-க்காக நாம் எத்தனை பேரை மனசுக்குள் சந்தேகப்பட்டோம்!

இது புதிதாய் நமக்கு மாத்திரம் நேர்ந்தது அல்ல. மின்னலுக்குப் பட்டம் விட்டாரே, அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின், அவருக்கும் நேர்ந்தது. பிலடெல்பியாவில் அவரும் நண்பர்களும் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அவரவர் புத்தகங்களை ஒரே அறையில் சேர்த்து வைத்து எல்லாரும் படிக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். சரியாய்ப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், ஒரு வருஷத்தில் அவரவர் புத்தகத்தை அவரவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிராங்க்ளின் சோர்ந்துபோகவில்லை. 1731-ல் 50 பேரைச் சேர்த்து, தலைக்கு 40 ஷில்லிங்கும் பிறகு வருஷத்துக்கு 10 ஷில்லிங்கும் வாங்கி, பொதுவான புத்தகங்களை வாங்கி, விதிகளோடு ஒரு நூலகம் தொடங்கினார். அது இன்னமும் நடக்கிறது. நண்பர்களுக்குள்ளே அன்பு இல்லாமலா முதல் ஏற்பாடு கெட்டது? அன்பு இருந்தது. எது யாருடையது என்று எழுதி வைக்கவில்லை. கணக்கு எழுதுவது நம்பிக்கையில்லாத்தனம் என்று நாம் நினைக்கிறோம். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. எழுதாதபோதுதான் சந்தேகம் எல்லார்மேலும் பரவுகிறது.

அந்த மில் சகோதரியின் காரியத்தையும் சொல்லவேண்டும். கூட்டம் முடிந்த மறு ஞாயிறு அவர்கள் ஒரு புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். எடுத்து பதினொரு மாதம். "டெய்லி ரெண்டு பக்கம்தான் பாஸ்டர் முடியும். நைட் ஷிப்டுன்னா அதுவும் இல்ல. இன்னும் நாப்பது பக்கம் இருக்கு. ஆனா நான் எடுத்துட்டுப் போயிட்டேன்னு பேசுவாங்கள்ல" என்றார்கள். 20 வருஷம் வைத்திருந்த நான் மேடையில் நிற்கிறேன், 11 மாதம் வைத்திருந்தவர்கள் கண்கலங்கி நிற்கிறார்கள். அவர்கள் வைத்திருந்தது படிப்பதற்கு. தாமதம் வேறு, அபகரிப்பு வேறு. நோட்டில் பதினைந்து நாள் என்று கெடு போடலாம் என்ற யோசனையை அதனால்தான் நான் விட்டுவிடச் சொன்னேன். கெடு வைத்தால் வேகமாய்ப் படிக்கிறவர்களுக்குத்தான் பீரோ சொந்தமாகும்.

இடையில் ஒரு வார்த்தை. "பாஸ்டர், இவ்வளவு சிரமம் எதுக்கு? பி.டி.எஃப். எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டா எல்லாருக்கும் ஆச்சு" என்று வாலிபப் பிள்ளைகள் சொல்லுகிறீர்கள். தம்பிகளே, நான் ஒரு புத்தகத்தை உங்களுக்கு இரவல் கொடுத்தால், அது உங்களிடம் இருக்கும்வரை என்னிடம் இல்லை. அந்தக் குறைவை நான் ஏற்றுக்கொள்ளுவதுதான் பகிர்வது. பி.டி.எஃப்.-ல் அனுப்புகிறவருக்கும் குறைவில்லை, வாங்குகிறவருக்கும் குறைவில்லை. குறைவெல்லாம் எழுதினவருக்கு. கடன் வாங்கி 500 பிரதி அச்சடித்து, கூட்டம் நடக்கிற இடங்களில் தரையில் விரித்து விற்கிற ஊழியக்காரர்களை நான் அறிவேன். நம் தேசத்தின் 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதினவர் உயிரோடிருக்கும்வரையும், மரித்து 60 வருஷம்வரையும் அந்த உரிமை அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உண்டு. அந்தக் காலம் கடந்த பழைய புத்தகங்களைத் தாராளமாய் அனுப்புங்கள். மற்றதை வேண்டாம்.

பீரோ விஷயத்தில் கடைசியாய்க் கமிட்டி என்ன தீர்மானித்தது என்று பலர் கேட்டீர்கள். மாங்காய்ப் பூட்டைப் போட்டாயிற்று. இப்போது கதவும் ஒழுங்காய்ச் சாத்துகிறது. சாவி பக்கத்திலேயே ஆணியில் தொங்கும். யாரிடமும் கேட்கவேண்டாம். நூலில் கட்டின பேனாவோடு ஒரு நோட்டு இருக்கும். எடுக்கும்போது பெயரும் தேதியும் எழுதுங்கள். மாதம் ஒருமுறை, இன்னும் படிக்கிறேன் என்று அதில் ஒரு கோடு போட்டால் போதும். சபை அங்கத்தினர் அல்லாத, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் எடுக்கலாம், குரூப் 4 கைடு உட்பட. ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும், சபைக்குக் கொடுத்ததா, இரவலா என்று கொடுத்தவரே எழுதவேண்டும். யார் பெயரையும் மேடையில் வாசிக்கமாட்டோம். பூட்டுக்கார சகோதரருக்கு மாத்திரம் இன்னும் சமாதானமில்லை. "பூட்டுப் போட்டுச் சாவியவும் பக்கத்துல தொங்கவிட்டா அது என்னங்கய்யா பூட்டு?" என்கிறார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று மாதத்தில் 31 புத்தகம் திரும்பியிருக்கிறது. இரண்டுக்குப் புது அட்டை போட்டிருந்தது.

கொடுக்கிறவர்களுக்கு நான் சொல்லுவது வேறு, வாங்குகிறவர்களுக்குச் சொல்லுவது வேறு. கொடுக்கும்போதே, இது திரும்பாமல் போகலாம் என்று மனசில் சம்மதித்துக் கொடுங்கள். அந்தச் சம்மதம் இல்லாவிட்டால் கொடுக்காதிருங்கள், கசப்பு மிஞ்சும். ஆனால் வாங்கினவர்கள் அந்தச் சம்மதத்தை எடுத்து உபயோகிக்கக் கூடாது. அண்ணனுடைய 'பரவாயில்ல' அவருடைய இருதயத்தின் பெருந்தன்மை. அது எனக்குரிய சொத்து அல்ல. அவர் மன்னித்துவிட்டார் என்பதினால் என் பொறுப்பு தீர்ந்துபோனது என்று நான் எண்ணினதுதான் இத்தனை வருஷத் தவறு.

ஒன்பதில் ஆறு பேருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கன்கார்டன்ஸை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பழனி பஸ் ஏறினேன். அண்ணனுடைய மகள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறாள். சாயங்காலம் வீட்டில்தான் இருந்தாள். ஒட்டன்சத்திரம் தாண்டும்வரை என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன். அங்கே போனதும் ஒன்றும் வரவில்லை. பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

அவள் முதல் பக்கத்தைத் திறந்தாள். அண்ணனுடைய கையெழுத்து. கீழே வாங்கின தேதி. ஓரங்களில் இருந்த என்னுடைய பென்சில் கோடுகளையும் பார்த்தாள். நான், "அப்பா பரவாயில்லன்னுதாம்மா சொன்னாங்க" என்றேன்.

"ஆமா அங்கிள், அப்பா யாரையும் கேக்கமாட்டாங்க" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா தேடுவாங்க. பிரசங்கத்துக்கு ரெடி பண்றப்பல்லாம் அலமாரில எதையாச்சும் தேடிட்டு, அப்புறம் ஞாபகம் வந்த மாதிரி விட்ருவாங்க. என்ன தேடுறாங்கன்னு அப்ப எங்களுக்குத் தெரியாது" என்றாள்.

காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திண்டுக்கல் வந்து சேர்ந்தேன்.